தொண்ணூறு சதவீதத்தில் அறுந்துபோகும் டவுன்லோடு: வாசகர் கேள்வி பதில்

மெதுவான, அடிக்கடி அறுந்துபோகும் இணைய இணைப்பில் பெரிய கோப்புகளை இறக்குவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் அடிக்கும்போது அதே பெயரை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்று சொல்லியிருக்கும் இடங்களில் அதை அப்படியே பின்பற்ற வேண்டும்.

கேள்வி: 4.7 ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ கோப்பு ஒன்றை மூன்று நாளாக இறக்கிப் பார்க்கிறேன். தொண்ணூறு சதவீதம் வந்ததும் லைன் போய்விடுகிறது. மறுபடி தொடங்கினால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடர வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் ஒத்துழைத்தால்தான் நடக்கும். உங்கள் பக்கத்து மென்பொருள் சர்வரிடம் "இந்தக் கோப்பில் 420 கோடியாவது பைட்டிலிருந்து கொடு" என்று கேட்க வேண்டும். அந்த வசதி உள்ள சர்வர் 206 என்ற எண்ணோடு பதில் சொல்லி, மீதியை மட்டும் அனுப்பும். வசதி இல்லாத சர்வர் 200 என்று சொல்லி, முதல் பைட்டிலிருந்து முழுக் கோப்பையும் மறுபடி அனுப்பும். உங்களுக்கு நடப்பது இதுவாக இருக்கலாம். இணையத்தில் பக்கங்களையும் கோப்புகளையும் கேட்டு வாங்கும் நெறிமுறையான எச்டிடிபியில், அதன் 1.1 பதிப்பு வந்த 1997-லிருந்தே இந்த வசதி இருக்கிறது. நிலையான கோப்புகளை வைத்திருக்கும் பெரும்பாலான சர்வர்கள் இதற்கு இணங்கும். கேட்கும்போதே கோப்பைத் தயாரித்துத் தரும் தளங்களில்தான் அனேகமாகக் கிடைக்காது. மொத்த அளவு தெரியாமல் "இவ்வளவு வந்திருக்கிறது" என்று மட்டும் காட்டும் டவுன்லோடு என்றால் அப்படிப்பட்ட தளம் என்று சந்தேகிக்கலாம்.

தொடங்கும்போதே சோதித்துவிடுங்கள். ஐந்து எம்பி வந்ததும் பாஸ் அழுத்துங்கள், ஒரு நிமிடம் பொறுத்து ரெஸ்யூம் கொடுங்கள். எண்ணிக்கை ஐந்து எம்பியிலிருந்து நகர்ந்தால் சர்வர் சம்மதிக்கிறது. பூஜ்யத்துக்குப் போனால் வேறு மிரரை, அதாவது அதே கோப்பை வைத்திருக்கும் இன்னொரு சர்வரைத் தேடுங்கள். நான்கு ஜிபி இறங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதால் பயனில்லை.

அடுத்தது, பிரவுசர். குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் பாஸ் வேறு, கேன்சல் வேறு. கேன்சல் கொடுத்தால் பாதி வந்த கோப்பு அழிக்கப்படும். அந்தப் பாதிக் கோப்பு குரோமில் "சிஆர்டவுன்லோடு" என்ற பின்னொட்டோடும் ஃபயர்பாக்ஸில் "பார்ட்" என்ற பின்னொட்டோடும் அதே ஃபோல்டரில் இருக்கும். பிரவுசர் தொடர மறுத்தால் எதையும் அழுத்துவதற்கு முன் அதை வேறு ஃபோல்டருக்கு நகலெடுங்கள். நகலுக்குக் கோப்பின் உண்மையான பெயரை வைத்து, அடுத்த கேள்வியில் சொல்லும் கட்டளையிடம் ஒப்படைத்தால் அது மீதியை இறக்கும். பிரவுசர் ஒரே இணைப்பில் முதலிலிருந்து வரிசையாக எழுதியிருந்தால் மட்டுமே இது செல்லும். அதனால் முடிந்ததும், கோப்பில் பழுதில்லை என்று உறுதி செய்யும் ஷா-256 சரிபார்ப்பு (செய்யும் முறை பின்னால் வருகிறது) கட்டாயம். ஆனால் 4.2 ஜிபியை மீட்பதற்கு இந்த முயற்சி தகும்.

கேள்வி: இரவு முழுக்க ஆள் பார்க்காமல் ஓடவிட எந்தக் கட்டளை? நான் டபிள்யூகெட்டை ஓடவிட்டுத் தூங்கினால், காலையில் பத்து சதவீதத்திலேயே நின்றிருக்கிறது.

பதில்: கட்டளை கொடுத்துக் கோப்பு இறக்க டபிள்யூகெட் நல்ல கருவிதான். அதன் இயல்பு அமைப்புகள் மோசமான லைனுக்காக வைக்கப்பட்டவை அல்ல, அவ்வளவுதான். இணைப்பு உயிரோடு இருப்பதுபோல் தோன்றினாலும் ஒரு பைட்கூட வராமல் போவது இந்த மாதிரி லைன்களில் சகஜம். இடையில் உள்ள ரவுட்டர் உங்கள் இணைப்பை மறந்துவிட்டிருக்கும், அதை உங்கள் கணினிக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த நிலையில் டபிள்யூகெட் 900 விநாடி, அதாவது கால் மணி நேரம் சும்மா காத்திருக்கும். அப்புறம்தான் மறுமுயற்சி. அதுவும் மொத்தம் இருபது முறைதான். லைன் முழுதாகப் போயிருந்தால் இன்னொரு சிக்கல்: சர்வரின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் தேடலே தோற்கும். டபிள்யூகெட் அதை நிரந்தரப் பிழை என்று எடுத்துக்கொண்டு வெளியேறிவிடும். உங்கள் பத்து சதவீதத்துக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆகவே டபிள்யூகெட் என்ற பெயருக்குப் பின்னால், ஒவ்வொன்றின் முன்னும் இரட்டைக் குறுங்கோடு போட்டு இவற்றைச் சேருங்கள்: கன்டின்யூ; ட்ரைஸ்=0 (பூஜ்யம் என்றால் எல்லையில்லாத முயற்சி); டைம்அவுட்=30; ரீட்ரை-கன்ரெஃப்யூஸ்டு. புதிய பதிப்பாக இருந்தால் ரீட்ரை-ஆன்-ஹோஸ்ட்-எரர் என்பதையும் சேருங்கள், டிஎன்எஸ் தோல்வியைப் பொறுத்துக்கொள்ள வைப்பது அதுதான். கடைசியில் முகவரியை மேற்கோள் குறிகளுக்குள் கொடுங்கள். முகவரியில் "அண்டு" குறி (&) இருந்து மேற்கோள் போடாவிட்டால், லினக்ஸ் டெர்மினல் அந்தக் குறியோடு கட்டளை முடிந்தது என்று எண்ணிவிடும். பாதி முகவரிதான் சர்வருக்குப் போகும்.

இதற்கு மேலும் ஒரு காப்பு வேண்டும் என்றால் லினக்ஸிலும் மேக்கிலும் முழுக் கட்டளையையும் ஒரு சுழற்சிக்குள் வையுங்கள்: "அன்டில்" என்று தொடங்கிக் கட்டளை, அரைப்புள்ளி, "டூ ஸ்லீப் 30", அரைப்புள்ளி, "டன்". கட்டளை வெற்றியோடு முடியும்வரை அரை நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும்.

விண்டோஸில் இதே வேலையைச் செய்யும் கர்ல் என்ற கருவி உங்கள் கணினியிலேயே இருக்கும். விண்டோஸ் 10-இன் 2018 பதிப்பிலிருந்து அது கூடவே வருகிறது. பவர்ஷெல்லில் வெறுமனே கர்ல் என்று அடித்தால் வேறொரு கட்டளை ஓடும் என்பதால் "கர்ல்.எக்ஸி" என்று முழுப் பெயரையும் அடியுங்கள். குறுங்கோடு பெரிய சி, இடைவெளி, இன்னொரு குறுங்கோடு: இதுதான் "விட்ட இடத்திலிருந்து" என்று சொல்லும் முறை. கூடவே பெரிய எல் (முகவரி மாறினால் பின்தொடர), பெரிய ஓ (அதே பெயரில் சேமிக்க), சிறிய எஃப் (சர்வர் பிழை சொன்னால் அந்தப் பிழைப் பக்கத்தைக் கோப்பாகச் சேமிக்காமல் இருக்க). ஸ்பீட்-டைம் 30, ஸ்பீட்-லிமிட் 1000 என்ற இரண்டையும் இரட்டைக் குறுங்கோட்டோடு சேர்த்தால், முப்பது விநாடி தொடர்ந்து விநாடிக்கு ஆயிரம் பைட்டுக்குக் கீழே போகும் இணைப்பை அதுவே வெட்டிவிடும். கர்லின் உள்ளேயே உள்ள ரீட்ரை வசதியை மட்டும் இதற்கு நம்ப வேண்டாம். பல பதிப்புகளில் அது அந்த ஓட்டத்தில் இறங்கியதைத் தூக்கி எறிந்துவிட்டு, ஓட்டம் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. மறுமுயற்சியை வெளியே உள்ள சுழற்சியிடம் விடுங்கள்.

கணினி ஸ்லீப்புக்குப் போகாமல் இருக்கிறதா, மடிக்கணினி என்றால் மூடியை மூடினால் என்ன ஆகும் என்று அமைத்திருக்கிறீர்கள் என்பதையும் படுக்கப் போகுமுன் பாருங்கள்.

கேள்வி: 8 எம்பிபிஎஸ் இணைப்பு என்றார்கள். டவுன்லோடு விநாடிக்கு 1 எம்பிக்கு மேல் போகவில்லை. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை, கணக்கு சரிதான். இணைப்பின் வேகம் பிட்டில் சொல்லப்படுகிறது, கோப்பின் அளவு பைட்டில். எட்டு பிட் ஒரு பைட். 8 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 1 எம்பிதான் உச்சம். அதிலும் சில சதவீதம் பாக்கெட்டுகளின் (தரவு பிரிந்து பயணிக்கும் சிறு பொட்டலங்களின்) தலைப்புகளுக்குப் போகும். 1 எம்பிபிஎஸ் லைனில் மணிக்கு 450 எம்பி. 4.7 ஜிபி கோப்புக்குப் பத்தரை மணி நேரம். அதே கோப்பை விண்டோஸ் 4.37 ஜிபி என்று காட்டும். அது 1024-ஆல் வகுப்பதால் வரும் வித்தியாசம், கோப்பு குறையவில்லை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். சராசரியாக மணிக்கு ஒரு முறை, எப்போது என்று சொல்ல முடியாதபடி அறுந்துபோகும் லைனில், பத்து மணி நேர டவுன்லோடு ஒரு முறைகூட அறுபடாமல் முடிவதற்கான வாய்ப்பு சுமார் 22,000-ல் ஒன்று. "இன்னொரு தடவை முயன்று பார்ப்போம்" என்பதால் இது தீராது. வேகத்தை விடவும் தொடரும் வசதியை முதலில் தேடச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: டவுன்லோடு மேனேஜரில் பதினாறு இணைப்பு வைத்தால் பதினாறு மடங்கு வேகம் வருமா? என் நண்பர் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.

பதில்: லைன் ஏன் மெதுவாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குழாய் ஏற்கெனவே நிரம்பி ஓடுகிறது என்றால் எத்தனை இணைப்பு வைத்தாலும் அதே தண்ணீர்தான். ஆனால் குழாய் பெரிதாக இருந்தும் வழியில் பாக்கெட்டுகள் தொலைகின்றன என்றால் கதை வேறு. பாக்கெட் தொலைந்தால், பாக்கெட்டுகளை அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிசிபி நெறிமுறை அதை நெரிசல் என்று புரிந்துகொண்டு வேகத்தைப் பாதியாகக் குறைக்கும், பிறகு மெல்ல மெல்ல ஏற்றும். இதற்கு 1997-லேயே ஒரு எளிய சூத்திரம் வெளியானது: வேகம், பாக்கெட் போய்வரும் நேரத்துக்கு எதிர்விகிதத்திலும், தொலையும் விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். எண்ணில் சொன்னால், போய்வர 200 மில்லிவிநாடி ஆகும் சர்வரிலிருந்து நூற்றுக்கு ஒரு பாக்கெட் தொலைந்தால், லைன் எவ்வளவு அகலமானாலும் ஒரு இணைப்பில் விநாடிக்கு சுமார் 90 கேபிதான் வரும். இந்த நிலையில் நான்கு இணைப்பு வைத்தால் சுமார் 360 கேபி கிடைக்கலாம். 50 மில்லிவிநாடி தூரத்தில் உள்ள மிரருக்கு மாறினால் ஒரே இணைப்பிலும் அதே 360 கேபி வரும். பக்கத்து மிரரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை. கூகிள் 2016-ல் வெளியிட்ட பிபிஆர் என்ற வேகக் கட்டுப்பாட்டு முறையைப் பயன்படுத்தும் சர்வர்கள் இப்படித் தொலைவதைக் கண்டு அவ்வளவாகத் தயங்குவதில்லை. அங்கே பல இணைப்புகளால் பெரிய லாபம் இருக்காது.

நம் பரிந்துரை நான்கு. ஆரியா2 என்ற டவுன்லோடு கருவியில் ஒரு சர்வருக்கு இயல்பாக ஒரே இணைப்புதான், சிறிய எக்ஸ் என்ற விருப்பத்தில் அதிகபட்சம் 16 வரை போகலாம். பதினாறு வைத்தால் சில சர்வர்கள் உங்கள் முகவரியையே கொஞ்ச நேரம் தடுத்துவிடும். அதே சர்வரை நம்பியிருக்கும் மற்றவர்களுக்கும் அது நியாயம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. பல இணைப்புகளில் இறங்கும் கோப்பு நடுநடுவே ஓட்டைகளோடு வளரும். முதல் நிமிடத்திலேயே முழு அளவையும் காட்டக்கூடும். எந்தத் துண்டு வந்தது, எது வரவில்லை என்ற குறிப்பை ஆரியா2 பக்கத்திலேயே அதே பெயரில், "ஆரியா2" என்ற பின்னொட்டோடு வைத்திருக்கும். அந்தக் குறிப்புக் கோப்பை அழித்துவிட்டால் போச்சு. அப்படி ஓட்டை உள்ள கோப்பை டபிள்யூகெட்டிடம் தொடரச் சொன்னால், அளவைப் பார்த்துவிட்டு "எல்லாம் வந்துவிட்டது" என்று சொல்லிவிடும்.

கேள்வி: பாக்கெட் தொலைகிறதா, எங்கே தொலைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பிங் கட்டளை போதும். முதலில் உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு நூறு முறை (விண்டோஸில் குறுங்கோடு என் 100, லினக்ஸில் குறுங்கோடு சி 100). பிறகு வெளியே உள்ள ஏதாவது ஒரு முகவரிக்கு நூறு முறை. ரவுட்டருக்கே இரண்டு மூன்று தொலைந்தால் குறை உங்கள் வைஃபையில்தான் இருக்கிறது. கேபிள் போடுங்கள், முடியாவிட்டால் ரவுட்டருக்குப் பக்கத்தில் போங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட் என்றால் யுஎஸ்பி கேபிள் வழியே இணைத்தால் நடுவில் உள்ள ஒரு வைஃபை கண்ணி குறையும். ரவுட்டர்வரை சுத்தமாக இருந்து வெளியேதான் தொலைகிறது என்றால் லைனைப் பார்க்க வேண்டும். டெலிபோன் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் ஆக இருந்தால் மோடத்தின் நிலைப் பக்கத்தில் இரைச்சல் விளிம்பு டெசிபலில் இருக்கும். அது 6-க்குக் கீழே இறங்கினால் அடிக்கடி அறுந்துபோவதில் வியப்பில்லை. ஃபில்டர் இல்லாமல் சொருகிய தொலைபேசி, துருப்பிடித்த இணைப்பு, நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை.

கேள்வி: ஒரு வழியாக முழுக் கோப்பும் இறங்கியது. அளவும் சரியாக இருக்கிறது. ஆனால் இன்ஸ்டால் செய்யும்போது நடுவில் பிழை வருகிறது. மறுபடி முழுக்க இறக்க வேண்டுமா? மனது உடைந்துபோயிருக்கிறேன்.

பதில்: வேண்டாம், அந்தக் கோப்பை அழித்துவிடாதீர்கள்! அனேகமாக அதில் 99 சதவீதத்துக்கு மேல் சரியாகத்தான் இருக்கும்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கோப்பை வெளியிட்டவர்கள் பக்கத்தில் 64 எழுத்து நீளமுள்ள ஷா-256 தொகை கொடுத்திருப்பார்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் "கெட்-ஃபைல்ஹாஷ்", இடைவெளி, கோப்பின் பெயர். லினக்ஸில் "ஷா256சம்". மேக்கில் "ஷாசம்", குறுங்கோடு ஏ, 256. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் கோப்பில் பழுதில்லை. பென் டிரைவையோ, எழுதிய முறையையோ பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் கோப்பில்தான் பழுது.

பழுது எப்படி வந்திருக்கும்? நீங்கள் பாதியில் நிறுத்தியிருந்தபோது சர்வரில் அதே பெயரில் புதிய பதிப்பு வைக்கப்பட்டிருக்கலாம். முன்பாதி பழையது, பின்பாதி புதியது. டபிள்யூகெட் அளவை மட்டும் பார்ப்பதால் இதைக் கண்டுகொள்ளாது. அல்லது லாகின் கேட்கும் பொது வைஃபை, கோப்புக்குப் பதிலாகத் தன் லாகின் பக்கத்தை முதலில் அனுப்பியிருக்கலாம். அது சில கேபி அளவில் கோப்பின் பெயரிலேயே சேமிக்கப்பட்டு, அதன் மேல் மீதி ஒட்டப்பட்டிருக்கும். அல்லது முன்னே சொன்ன ஓட்டைகள். அரிதாக, நினைவகமோ டிஸ்க்கோ பழுதாக இருக்கலாம். அப்படியானால் ஷா-256 ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் வேறு வேறு விடை வரும்.

இனி மீட்பு. அதே கோப்புக்கு டோரன்ட் இருக்கிறதா என்று வெளியீட்டாளர் பக்கத்தில் பாருங்கள். டெபியன், உபுண்டு, லிப்ரெஆபிஸ் எல்லாம் அதிகாரபூர்வமாகவே தருகின்றன. பிராம் கோஹன் 2001-ல் உருவாக்கிய பிட்டோரன்ட் முறை, கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் தனித் தனியாகச் சரிபார்ப்புத் தொகை வைத்திருக்கிறது. மோசமான லைனுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எங்களுக்குத் தெரியாது. டோரன்டை கியூபிட்டோரன்ட் அல்லது டிரான்ஸ்மிஷன் மென்பொருளில் சேருங்கள், ஆனால் டவுன்லோடைத் தொடங்க விடாதீர்கள். சேமிக்கும் இடமாக உங்கள் பழுதான கோப்பு உள்ள ஃபோல்டரைக் காட்டுங்கள். கோப்பின் பெயர் டோரன்டில் உள்ள பெயரோடு அப்படியே ஒத்திருக்க வேண்டும். பிறகு கியூபிட்டோரன்டில் "ஃபோர்ஸ் ரீசெக்", டிரான்ஸ்மிஷனில் "வெரிஃபை லோக்கல் டேட்டா". மென்பொருள் டிஸ்க்கில் இருப்பதைத் துண்டு துண்டாகச் சோதித்து 99.9 சதவீதம் என்பதுபோல் ஓர் எண்ணைக் காட்டும். இப்போது தொடங்குங்கள், பழுதான துண்டுகள் மட்டும் வரும். 256 கேபி துண்டுகளாக இருந்தால் 4.7 ஜிபி கோப்பில் சுமார் 18,000 துண்டுகள். மூன்று துண்டு பழுது என்றால் நீங்கள் மறுபடி இறக்க வேண்டியது 768 கேபி. ஏதாவது காரணத்தால் கோப்பின் உள்ளடக்கம் இடம் நகர்ந்திருந்தால் மட்டும் இது உதவாது. அந்த நிலையில் மிரர் ஆர்சிங்க் வசதி தருகிறதா என்று பாருங்கள். இடம் நகர்ந்த பகுதிகளையும் அடையாளம் கண்டு, இல்லாததை மட்டும் எடுத்துக்கொள்ள ஆர்சிங்க்குக்குத் தெரியும்.

டோரன்ட் பயன்படுத்தும்போது அப்லோடுக்கு ஒரு வரம்பு வையுங்கள், உங்கள் அப்லோடு வேகத்தில் எழுபது எண்பது சதவீதம். அப்லோடு பாதை நிரம்பி வழிந்தால் "வந்து சேர்ந்தது" என்று நீங்கள் திருப்பி அனுப்பும் ஒப்புதல்கள் தாமதமாகி, டவுன்லோடும் படுத்துவிடும். பூஜ்யம் என்று மட்டும் வைக்காதீர்கள். கொடுப்பவர்களுக்குத்தான் மற்றவர்களும் முன்னுரிமை தருவார்கள்.

கேள்வி: எந்தக் கோப்பாக இருந்தாலும் சரியாக 4 ஜிபியில் நின்றுவிடுகிறது. லைன் அப்போது நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: நீங்கள் சேமிக்கும் பென் டிரைவ் அல்லது மெமரி கார்டு ஃபாட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபாட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்யுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதால் முதலில் நகல்.

கேள்வி: லாகின் செய்து இறக்க வேண்டிய தளம். நேற்று பாதி இறங்கியது. இன்று ரெஸ்யூம் கொடுத்தால் 403 என்று வருகிறது.

பதில்: அந்த லிங்க்குக்கு ஆயுள் முடிந்துவிட்டது. இப்படிப்பட்ட தளங்கள் சில மணி நேரமே செல்லுபடியாகும் கையெழுத்திட்ட முகவரியைத் தருகின்றன. கோப்பு அங்கேயேதான் இருக்கிறது, உங்களிடம் உள்ள பாதியும் வீணாகவில்லை. மறுபடி லாகின் செய்து, டவுன்லோடு பொத்தானை அழுத்திப் புதிய முகவரியை வாங்குங்கள். பல டவுன்லோடு மேனேஜர்களில் பழைய டவுன்லோடின் முகவரியை மட்டும் மாற்றும் வசதி இருக்கிறது. அதில் புதியதை ஒட்டித் தொடருங்கள்.

கட்டளையில் செய்வதானால், பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்துகொண்டு டவுன்லோடைத் தொடங்குங்கள். பட்டியலில் அந்த வரியை ரைட் கிளிக் செய்தால் "காப்பி ஆஸ் கர்ல்" கிடைக்கும். குக்கீகளோடு முழுக் கட்டளையும் நகலாகும். பிரவுசரில் தொடங்கிய டவுன்லோடை நிறுத்திவிட்டு, டெர்மினலில் ஒட்டி, கடைசியில் குறுங்கோடு பெரிய சி, இடைவெளி, குறுங்கோடு, பிறகு குறுங்கோடு சிறிய ஓ, உங்கள் பாதிக் கோப்பின் பெயர். இந்தக் கட்டளையை யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் லாகின் அதற்குள் இருக்கிறது.

கேள்வி: கிட் குளோன் எழுபது சதவீதத்தில் அறுந்தால் முழு ஃபோல்டரும் மறைந்துவிடுகிறது. தொடரவும் முடியவில்லை.

பதில்: உண்மைதான், ஒரு திட்டத்தின் நிரல்களை அவற்றின் வரலாற்றோடு நகலெடுக்கும் கிட் குளோனுக்குத் தொடரும் வசதி கிடையாது. அதனால் சிறு சிறு கவளமாக எடுங்கள். முதலில் இரட்டைக் குறுங்கோடு டெப்த் 1 என்று கொடுத்துக் கடைசி நிலையை மட்டும் குளோன் செய்யுங்கள். அது முடிந்ததும் ஃபோல்டருக்குள் போய் "கிட் ஃபெட்ச்" கட்டளையில் டீப்பன்=100 என்று திரும்பத் திரும்பக் கொடுங்கள். ஒவ்வொரு முறை வெற்றி பெற்றதும் வந்தது உங்களுடையது, அடுத்தது தோற்றாலும் அது போகாது. நூறு பெரிதாகத் தோன்றினால் இருபது. கடைசியில் அன்ஷாலோ. பழைய வரலாறு தேவையே இல்லை என்றால் முதல் படியோடு நிறுத்திக்கொள்ளலாம். சில திட்டங்கள் முழு வரலாற்றையும் ஒரே பண்டில் கோப்பாக வைத்திருக்கும். லினக்ஸ் கெர்னலுக்கு அப்படி இருக்கிறது. அதை டபிள்யூகெட்டால் நிறுத்தி நிறுத்தி இறக்கிவிட்டு, அந்தக் கோப்பிலிருந்தே குளோன் செய்துகொள்ளலாம்.

கேள்வி: ஆண்ட்ராய்டு போனில் திரை அணைந்ததும் டவுன்லோடு நின்றுவிடுகிறது.

பதில்: சார்ஜரில் போட்டு வையுங்கள். அசையாமல், சார்ஜர் இல்லாமல் கிடக்கும் போனில் செயலிகளின் இணையத்தை நிறுத்திவைக்கும் ஏற்பாடு ஆண்ட்ராய்டு 6-லிருந்து இருக்கிறது. சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் அது தலையிடாது. அப்படியும் நின்றால் அந்தச் செயலியின் பேட்டரி அமைப்பில் கட்டுப்பாட்டை நீக்குங்கள். வைஃபை பலவீனமானால் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறும் வசதியையும் அணைத்துவிடுங்கள். மாறும்போது ஐபி முகவரி மாறி, ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பெல்லாம் அறுந்துவிடும். டேட்டா வரம்பும் சத்தமில்லாமல் கரையும்.

கேள்வி: நான் டவுன்லோடு போட்டால் வீட்டில் வீடியோ கால் பேசுபவர்களுக்குக் குரல் வெட்டி வெட்டி வருகிறதாம்.

பதில்: உங்கள் டவுன்லோடு லைனின் முழுக் கொள்ளளவையும் எடுத்துக்கொள்ளும்போது பாக்கெட்டுகள் வழியில் வரிசை கட்டி நிற்கின்றன. குரல் பாக்கெட்டும் அதே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. முழு வேகத்தில் எண்பது சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். 4 எம்பிபிஎஸ் லைன் என்றால் டபிள்யூகெட்டில் லிமிட்-ரேட்=400கே. இங்கே "கே" என்பது கிலோபைட், கிலோபிட் இல்லை. இருபது சதவீதத்தை விட்டுக்கொடுப்பதால் பத்து மணி நேர வேலை பன்னிரண்டரை மணி ஆகும். அவர்கள் பேசி முடித்ததும் கன்ட்ரோல் சி கொடுத்து நிறுத்தி, வரம்பில்லாமல் அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து போகும்.

கேள்வி: 3 ஜிபி கோப்பை நண்பருக்கு அனுப்ப வேண்டும். என் லைனும் மோசம், அவர் லைனும் மோசம்.

பதில்: வெட்டி அனுப்புங்கள். பெரும்பாலான தளங்களில் அப்லோடுக்குத் தொடரும் வசதி இல்லாததால் இதில் வெட்டுவது இன்னும் அவசியம். துண்டு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை லைன் தீர்மானிக்கட்டும். விநாடிக்கு 100 கேபி அப்லோடு, சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அறுகிறது என்றால், ஒரு மூச்சில் போவது 60 எம்பி. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 எம்பி துண்டுகள் சரியாக இருக்கும். அப்போது அறுந்தால் மூன்றரை நிமிட வேலைக்கு மேல் வீணாகாது. 3 ஜிபிக்கு 150 துண்டு வரும்.

செவன்-ஜிப்பில் கோப்பைச் சேர்க்கும் சாளரத்தில் துண்டு அளவு கேட்கும் பெட்டி இருக்கிறது, அதில் 20எம் என்று எழுதுங்கள். வீடியோ, படம் போல ஏற்கெனவே சுருங்கியிருக்கும் கோப்பென்றால் சுருக்க அளவில் "ஸ்டோர்" தேர்ந்தெடுங்கள். மேலும் சுருங்காது, நேரம்தான் போகும். 001, 002 என்று துண்டுகள் வரும். துண்டுகளோடு பார்2 கருவியில் பத்து சதவீத மீட்புக் கோப்புகளையும் தயாரித்து அனுப்புவது நல்லது. பதினைந்து துண்டுவரை பழுதானாலும் தொலைந்தாலும், எந்தத் துண்டு என்று பார்க்காமல் அவற்றைக் கொண்டு திரும்ப உருவாக்கிவிடலாம், உங்களிடம் மறுபடி கேட்க வேண்டியதில்லை. உங்கள் நண்பர் எல்லாத் துண்டுகளையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, 001-ஐ மட்டும் திறந்து பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித் தனியாகத் திறந்தால் பிழைதான் வரும். சில பிரவுசர்கள் இரண்டாம் முறை இறக்கிய துண்டின் பெயரில் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்துவிடும். அந்தப் பெயரைத் திருத்தாவிட்டால் செவன்-ஜிப் அந்தத் துண்டு இல்லை என்றே சொல்லும்.